மூன்று சிட்டிங், ஆறரை லட்சம்

கேள்வி: "டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நான் ஐசிஎஃப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரம்பூரில் குடியிருக்கிறோம். இளைய மகளுக்கு 26 வயது. நான்கு வருடமாக லூபஸ், எதிர்ப்பு சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் நோய். போன வருடம் சிறுநீரில் புரதம் போய், பயாப்ஸி எடுத்து, சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது என்றார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு மூன்றும் சாப்பிடுகிறாள். முகம் உப்பி, முடி கொட்டி, கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். வந்த வரன்களையும் தள்ளிப் போடுகிறோம். இங்கே ஒரு கிளினிக்கில், தொப்புள்கொடி ஸ்டெம் செல்லை டிரிப்ஸில் மூன்று சிட்டிங் ஏற்றினால் எதிர்ப்பு சக்தி 'ரீசெட்' ஆகிவிடும், ஸ்டீராய்டை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். ஆறரை லட்சம். செங்கல்பட்டு பக்கம் ஒரு மனை இருக்கிறது, விற்றால் கட்டிவிடலாம். வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள் என்று இங்கிலீஷ் பேப்பர்கள் கொடுத்தார்கள். பெரிய மகளின் குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தம் பேங்கில் சேமித்திருக்கிறோம்; அதை இவளுக்குப் போட முடியுமா? நான் உங்களுக்கு எழுதுவது மகளுக்குத் தெரியாது. செய்யலாமா, வேண்டாமா என்று மட்டும் சொன்னால் போதும்." (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

வணக்கம் ஐயா. ஒற்றை வரியில் கேட்டீர்கள், அப்படியே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று சிட்டிங் வேண்டாம். மனையை விற்க வேண்டாம். யார் சொன்னாலும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இதோடு முடித்துக்கொண்டால், அந்தக் கிளினிக்கில் இருந்து அடுத்த போன் வரும்போது உங்களிடம் பதில் இருக்காது. 'அந்த டாக்டர் பழைய ஆள், அவருக்குப் புது சிகிச்சை தெரியாது' என்பார்கள். எனக்கு வயதாகிவிட்டது உண்மைதான். ஆனால் இது அவர்கள் சொல்கிற அளவுக்குப் புதிதும் இல்லை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஸ்டெம் செல் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்குகள் புழங்குகின்றன. ஒன்றில் பலனும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டுமே எண்ணிப் பார்த்து எழுதப்பட்டவை. இன்னொன்றைப் பற்றி, உங்கள் மகளின் நோயைப் பொறுத்தவரை, கையில் பிடித்துக் காட்டும்படி ஒன்றும் இல்லை. முதல் சரக்கின் பேப்பரைக் காட்டி இரண்டாவது சரக்கை விற்கிறார்கள். உங்களுக்கு நடந்திருப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் சரக்கு ரத்த ஸ்டெம் செல் மாற்று, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்லை மாற்றுவது. எலும்பு மஜ்ஜை மாற்று என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதேதான். லூபஸ் மாதிரியான நோய்களில் நோயாளியின் சொந்த செல்லையே எடுத்து, அவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். நாற்று நடுவதை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். வயல் முழுக்கக் களை மண்டிக் கிடக்கிறது; சொந்த உடம்பையே தாக்கும் வெள்ளணுக்கள்தான் அந்தக் களை. நல்ல நாற்றைக் கொஞ்சம் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, வயலை ஆழ உழுது களையை வேரோடு புரட்டிப் போட்டுவிட்டு, அப்புறம் நாற்றை நடுகிறோம். இதில் களையைக் கொன்றது எது? உழவு. நாற்று இல்லாவிட்டால் வயல் பொட்டலாகிவிடும், அவ்வளவுதான் நாற்றின் பங்கு.

மருத்துவமனையில் அந்த உழவு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் சில நாட்கள் தோலுக்கடியில் ஊசி போட்டு மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் வரவைப்பார்கள். பிறகு ஒரு இயந்திரத்தின் வழியாக ரத்தத்தை ஓடவிட்டு, அந்தச் செல்களை மட்டும் பிரித்து உறையவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கனமான கட்டம்: சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்து பெரிய அளவில், கூடவே டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்களை அழிக்கும் ஏடிஜி என்ற மருந்து. வெள்ளணு எண்ணிக்கை தரைக்கு இறங்கும். முடி மொத்தமும் போகும். வாய் புண்ணாகும். தனி அறை, முகக்கவசம், பார்க்க வருகிறவர்களுக்குத் தடை என்று மூன்று நான்கு வாரம் போகும். இடையில் ஒருநாள் உறைந்திருந்த பையை உருக்கி டிரிப்ஸில் ஏற்றுவார்கள். அது ரத்தம் ஏற்றுவது போலத்தான், கொஞ்ச நேர வேலை. உறைபதன மருந்தினால் அறையில் பூண்டு வாசனை அடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் காய்ச்சலுக்குப் பயந்து வாழ வேண்டும். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளைக்கூட மறுபடி போட வேண்டிவரும்.

இவ்வளவு கஷ்டத்துக்குப் பலன் உண்டா என்றால், சில நோய்களில் உண்டு. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா என்ற நோயில் ஐரோப்பாவில் 156 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2014இல் வந்தது. பாதிப் பேருக்கு மாற்று சிகிச்சை, மீதிப் பேருக்கு மாதாமாதம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஊசி. மாற்று செய்துகொண்ட 79 பேரில் 8 பேர் முதல் வருடத்திலேயே சிகிச்சையினாலேயே இறந்தார்கள். ஆனாலும் வருடங்கள் போகப் போக, மாற்று செய்துகொண்டவர்கள்தான் அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை விழுங்குகிறவர் வியாபாரி.

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோயிலும், மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வருகிற வகைக்கு இது பலன் தந்திருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வில் 110 பேர். அதில் சிகிச்சையினால் யாரும் இறக்கவில்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் மருந்தின் அளவிலும் கை பழகிவிட்டது என்பதற்கு அது ஓர் அடையாளம். குரோன்ஸ் என்ற குடல் நோயில் 2015இல் வந்த ஆய்வு, எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. முடக்குவாதத்துக்குச் செய்து பார்த்தார்கள், பலருக்கு நோய் திரும்பிவிட்டது. அதற்குள் நல்ல ஊசி மருந்துகளும் வந்துவிட்டதால் கைவிட்டார்கள்.

லூபஸ்? 2006இல் அமெரிக்காவில் 50 பேருக்குச் செய்ததை வெளியிட்டார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத, மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் அவர்கள். ஐந்து வருட முடிவில் நோய் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று கணக்கு வந்தது. உயிர் போகிற நிலையில் இருப்பவருக்குப் பாதி என்பது பெரிய விஷயம். மூன்று மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிற 26 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கே வேறு. கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தச் சிகிச்சை மேல் விரோதம் எதுவும் கிடையாது. ஸ்கிளீரோடெர்மா நோயாளி ஒருவரை நானே ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பி வைத்திருக்கிறேன். நுரையீரலில் நோய் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது, மருந்துகள் தோற்றுவிட்டன. கணவர், அம்மா, அண்ணன் எல்லோரையும் உட்காரவைத்து, இறந்துபோகும் வாய்ப்பும் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அனுப்பினேன். பட்டபாடு கொஞ்சமில்லை. ஒரு வருடம் கழித்து மார்கழியில் வந்தார். என்னம்மா எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பேசவில்லை, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கோலப்பொடி கிள்ளி இழுப்பது போல மேஜை மேல் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். நான்கு வருடமாக மடங்காத விரல்கள் அவை.

சரி, இனி உங்கள் கிளினிக் விற்கும் சரக்குக்கு வருவோம். அது மெசன்கைமல் ஸ்டெம் செல் என்ற வேறு வகை. தொப்புள்கொடியின் சதைப்பகுதியிலிருந்தோ, கொழுப்பிலிருந்தோ, மஜ்ஜையிலிருந்தோ எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் பெருக்குவார்கள். இது ரத்தத்தை உண்டாக்கும் செல் இல்லை. நாளத்தில் ஏற்றினால் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொண்டு, சில நாட்களில் அழிந்துபோகிறது. அதற்குள் அது வெளிவிடும் ரசாயனச் செய்திகள் வீக்கத்தைத் தணிக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை. பரிசோதனைக் கூடத்தில் அப்படி நடக்கவும் செய்கிறது. ஆராய வேண்டிய விஷயம்தான், நானும் ஆவலாகத்தான் கவனித்து வருகிறேன். ஆனால் இங்கே உழவு எங்கே நடந்தது? களை நிற்கிற வயலில், வேறு ஏதோ பயிரின் நாற்றை மேலே தூவிவிட்டு 'ரீசெட் ஆகிவிட்டது' என்றால் எப்படி?

இதே தொப்புள்கொடிச் செல்லை, இதே லூபஸ் சிறுநீரக நோய்க்குச் சீனாவில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன்பு அங்கிருந்தே 'நல்ல பலன்' என்று பல அறிக்கைகள் வந்திருந்தன. பெரும்பாலானவற்றில் ஒப்பிட ஆள் இல்லை, செல் ஏற்றியவர்களை மட்டுமே பார்த்தார்கள். 2017இல் வெளியான ஆய்வில்தான் 18 பேரைப் பிரித்து, 12 பேருக்குச் செல்லும் 6 பேருக்கு வெறும் திரவமும் ஏற்றினார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் வழக்கமான மருந்தும் நடந்தது. செல் ஏற்றிய 12 பேரில் 9 பேருக்கு நோய் அடங்கியது. கேட்க நன்றாக இருக்கிறதா? வெறும் திரவம் ஏற்றிய 6 பேரில் 5 பேருக்கு அடங்கியது. கூடுதல் பலன் தெரியவில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 18 பேர் சின்ன எண்ணிக்கைதான், இதை வைத்து என்றைக்குமே பயன்படாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறரை லட்சம் கேட்கிறவர் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா, இல்லையா?

கிளினிக்கில் வீடியோ காட்டியிருப்பார்களே, 'நான் குணமாகிவிட்டேன்' என்று ஒரு அம்மா சொல்வது போல. அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. லூபஸ் தானாகவே ஏறும், இறங்கும். ஏறிக் கிடக்கும்போதுதான் எவரும் புதுச் சிகிச்சை தேடிப் போவோம். அடுத்து அது இறங்கத்தான் செய்யும். கூடவே மாத்திரையும் நடந்துகொண்டிருக்கும். பாராட்டு மட்டும் டிரிப்ஸுக்குப் போகும்.

இப்போது வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை. அவர்கள் கொடுத்த இங்கிலீஷ் பேப்பர்களை எடுங்கள். அதில் 'சைக்ளோஃபாஸ்ஃபமைடு' என்ற மருந்தின் பெயர் இருக்கிறதா என்று யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இருந்தால், அநேகமாக அது நான் முதலில் சொன்ன, தனி அறையில் ஒரு மாதம் கிடக்கிற சிகிச்சை. மதியம் இரண்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு ஆட்டோவில் வீடு திரும்புகிற சிகிச்சைக்கு அந்தப் பேப்பர் சாட்சி சொல்லாது. எலிகளில் செய்த ஆய்வா, மனிதர்களில் செய்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். எலியின் லூபஸை நாங்கள் நிறைய தடவை குணப்படுத்திவிட்டோம்.

'பக்கவிளைவே இல்லை, இயற்கையான செல்' என்றும் சொல்லியிருப்பார்கள். தாய்லாந்தில் லூபஸ் சிறுநீரக நோய் இருந்த ஒரு பெண்ணுக்கு, ஒரு தனியார் மருத்துவமனையில் அவருடைய சொந்த ஸ்டெம் செல்லையே சிறுநீரகத்துக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். செல் போட்ட இடங்களில் கட்டிகள் வளர்ந்தன. பலனும் கிடைக்கவில்லை, பிற்பாடு அவர் தொற்றில் இறந்துபோனார். 2010இல் மருத்துவ இதழில் வெளியான சம்பவம் இது. அமெரிக்காவில் 2018இல் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த ஊசிகளைப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மருந்துக் குப்பியிலேயே கிருமி இருந்தது. உங்கள் மகள் ஸ்டீராய்டும் மைக்கோஃபினோலேட்டும் சாப்பிடுகிறவர். சாதாரண உடம்பு தாங்குகிற கிருமியை அவர் உடம்பு தாங்காமல் போகலாம்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. வேறொருவரின் செல்லை ஏற்றும்போது, அதன் திசு அடையாளங்களுக்கு எதிராக நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகக்கூடும். உங்கள் மகளின் சிறுநீரகம் ஏற்கெனவே ஒரு அடி வாங்கியிருக்கிறது. அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை என்றாலும், என்றோ ஒருநாள் மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டால், அந்த எதிர்ப்பொருள்கள் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதைக் கடினமாக்கலாம்.

நான் அதிகம் பயப்படுவது செல்லைவிட, அதோடு கூடவே வரும் 'ஸ்டீராய்டை நிறுத்திவிடலாம்' என்ற பேச்சைப் பற்றித்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். எங்கோ ஸ்டெம் செல் போட்டுக்கொண்டு, உற்சாகத்தில் எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் விட்டுவிட்டார். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பில், சொந்தமாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார், ஆனால் டயாலிசிஸுக்குப் போக வேண்டியதாயிற்று. ஏம்மா நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

பேத்தியோ பேரனோ, அந்தக் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைக் கேட்டீர்கள். அதில் இருப்பது ரத்த ஸ்டெம் செல், அதாவது முதல் வகை. அதை ஏற்றுவதற்குக் கீமோவும் வேண்டும், திசுப் பொருத்தமும் வேண்டும். சித்திக்கு அது பொருந்தும் வாய்ப்பு குறைவு, பெரியவர்களுக்கு ஒரு பையில் இருக்கும் செல் பெரும்பாலும் போதாது. எல்லாவற்றுக்கும் மேல், லூபஸுக்கு மற்றவர் செல்லை மாற்றுவது வழக்கமான சிகிச்சையே இல்லை. அக்காள் வருடக் கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. எதிர்காலத்தில் சொந்த உபயோகத்துக்கு என்று தனியாரிடம் சேமிப்பதை ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பரிந்துரைக்கவில்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

வேறொருவர் செல் உண்மையாகவே உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்கு இது தேவையில்லை, வேறு யாருக்காவது உதவும் என்பதால் இரண்டு வரி. பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். லூபஸுக்கு நேர் எதிர்: அங்கே காவல் படையே இல்லை, இங்கே படை சொந்த வீட்டையே தாக்குகிறது. 1968இல் அமெரிக்காவில் ராபர்ட் குட் என்ற மருத்துவர், அப்படிப்பட்ட ஒரு கைக்குழந்தைக்கு அதன் அக்காளின் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றினார். இன்று தொற்று வருவதற்கு முன்பே, பிறந்து மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்துவிட்டால், அந்தக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிழைக்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடக்கிறது, சென்னையிலும் நல்ல மையங்கள் உண்டு, வெளியாரிடமிருந்து பொருத்தம் தேட 2009இல் தொடங்கிய தாத்ரி பதிவகமும் சென்னையில்தான் இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்து, முதல் குழந்தை ஓயாத தொற்றில் இறந்திருந்தால், அடுத்த குழந்தை பிறந்ததும் பிசிஜி போடுவதற்கு முன் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். உயிருள்ள தடுப்பூசி அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து.

கபசுரக் குடிநீர் காலத்திலிருந்து 'எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டும்' என்பது ஊரெல்லாம் ஒரு ஆசையாகிவிட்டது. உங்கள் மகளுக்கு அது அதிகமாக வேண்டியதில்லை ஐயா. 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று யார் எதைக் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குக் கைகொடுக்கும். ஐசிஎம்ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பட்டியலிடப்பட்ட நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆய்வு நிலையில் இருப்பவை. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அவற்றைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. விதிவிலக்காக ஒன்றிரண்டு தயாரிப்புகளுக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உரிமம் கொடுத்திருக்கிறது. கால் ரத்தக்குழாய் அடைப்புக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் உள்ள ஸ்டெம்பியூசெல் அப்படிப்பட்டது. அது லூபஸுக்கானது இல்லை. அப்புறம், மாஜிக் ரெமடீஸ் சட்டம் என்று 1954ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. இன்னின்ன நோய்களைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று அது ஒரு பட்டியல் போடுகிறது. லூபஸ் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. பல பத்து வருடங்களுக்கு முன்பே யாரோ பார்த்துச் சலித்து எழுதியிருக்கிறார்கள்.

அவர்கள் 'இது ஆய்வுதான், பதிவு செய்திருக்கிறோம்' என்றால், சந்தோஷம் என்று சொல்லி, சிடிஆர்ஐ என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நோய்க்கு, எத்தனை பேருக்கு, யார் நடத்துகிறார்கள் என்று எல்லாம் வரும். பதிவு வேறு, அனுமதி வேறு. அதனால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். பிறகு கடைசியாக ஒன்று கேளுங்கள்: ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம்? முறையான ஆய்வில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. ஆய்வினால் கெடுதல் நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள்தான் தர வேண்டும் என்று 2019ஆம் வருட விதிகள் சொல்கின்றன. ஆறரை லட்சம் கேட்கிற ஆய்வை நான் இன்னும் பார்த்ததில்லை.

பத்திரிகைகளில் வேறொன்றும் படித்திருப்பீர்கள்: ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் லூபஸ் நோயாளிகள் ஐந்து பேருக்கு கார்-டி என்ற சிகிச்சை கொடுத்து, அவர்கள் மருந்தே இல்லாமல் இருக்கிறார்கள் என்று 2022இல் வந்தது. அது உண்மை. எங்கள் துறையில் நீண்ட காலத்துக்குப் பிறகு நாற்காலியின் நுனிக்கு வந்து நான் படித்த செய்தி அது. ஆனால் அது ஸ்டெம் செல் கிடையாது. நோயாளியின் டி செல்லை எடுத்து மரபணுவை மாற்றி அனுப்புவது. இந்தியாவில் 2023இல் இதற்குக் கிடைத்த அனுமதி சில ரத்தப் புற்றுநோய்களுக்கு. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டும் நாளை யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

சரி, மகளுக்கு என்னதான் செய்வது? முகம் உப்புவதுதான் அவரை அதிகம் வாட்டுகிறது என்று உங்கள் கடிதம் சொல்கிறது. ஸ்டீராய்டு குறையக் குறைய அது வடியும். அதனால் அவருடைய மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: தினசரி அளவை 5 மில்லிகிராமுக்குக் கீழே எப்போது கொண்டுவரலாம், அதற்கு எது தடையாக இருக்கிறது? இப்போதைய அளவை நீங்கள் எழுதவில்லை. இறக்க முடியாத அளவுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது என்றால், டாக்ரோலிமஸ் சேர்ப்பது, ரிட்டுக்ஸிமாப், பெலிமுமாப் என்று அடுத்தடுத்த படிகள் இருக்கின்றன. பெலிமுமாப் லூபஸ் சிறுநீரக நோய்க்கென்றே 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. இவற்றில் சில விலை அதிகம், ஆனால் மனையை விற்றுத்தான் தீர வேண்டும் என்றாலும், குறைந்தது சோதித்துப் பார்த்த ஒன்றுக்காக விற்போம். அதற்கு முன் செலவில்லாமல் இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்த் துறை இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் லூபஸை அவர்கள் பார்க்கிற அளவுக்குப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை முடி கொட்டுவதற்குக் காரணம் என்று நினைத்து அவர் விட்டுவிடுகிறாரா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் விடுகிறார்கள். முடி கொட்டுவது பெரும்பாலும் நோயினால். அதை அடக்குகிற மாத்திரையை நிறுத்தினால் இன்னும் கொட்டும். வருடாந்திரக் கண் பரிசோதனையை மட்டும் தவறவிட வேண்டாம். வெயிலும் லூபஸைக் கிளப்பும். நம் ஊரில் அதைத் தவிர்ப்பது நடக்கிற காரியமா என்ன, ஆனாலும் குடை, முழுக்கை, சன்ஸ்கிரீன் மூன்றும் பாதி மருந்து.

கல்யாணம் பற்றி. லூபஸ் இருக்கிற பெண்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள். என் கிளினிக்கில் அந்தக் குழந்தைகள் மேஜை டிராயரை இழுத்துத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்கிறார்கள். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், மைக்கோஃபினோலேட்டைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி அசதயோபிரின் போன்ற மருந்துக்கு மாற வேண்டும். இதெல்லாம் மருத்துவர் மேற்பார்வையில் திட்டமிட்டுச் செய்ய வேண்டியது. வரன் வீட்டாரிடம் மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் மாத்திரை ரகசியமாகிவிடும், ரகசியமான மாத்திரை சீக்கிரத்தில் நின்றுவிடும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரி. மகளுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள். பாசம் புரிகிறது ஐயா. ஆனால் அவருக்கு 26 வயது. எந்த ஒப்புதல் படிவமாக இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், உங்களுடையது சாட்சிக் கையெழுத்துதான். பயாப்ஸி அறிக்கை, கடைசி ஆறு மாதச் சிறுநீர்ப் புரத அறிக்கைகள், அந்தக் கிளினிக் கொடுத்த பேப்பர்கள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுங்கள். இந்தப் பதிலையும் படிக்கச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும், பெயர் போடாமல் பதில் சொல்கிறேன்.